பேய்க்கும் உண்டு பரீட்சை!

பேயைப் பார்த்தவனுக்குத்தானே அதன் பயம் தெரியும்? ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி அதற்குத் தீர்ப்புச் சொல்வது நியாயமா?
(திண்டுக்கல் வாசகர்)

பார்த்தவரே விஞ்ஞானியாக இருந்தால்? இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர், ஆய்வகத்தில் இரவு வேலையின்போது சாம்பல் நிற உருவம் ஒன்றைக் கண்டு வெலவெலத்துப் போனார். மந்திரவாதியைத் தேடாமல் காரணத்தைத் தேடினார். சிக்கியது, புதிதாக மாட்டிய மின்விசிறி! அது எழுப்பிய, காதுக்கு எட்டாத 19 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் ‘பேய்’ என்பது அவர் முடிவு. 1998-ல் அதை வெளியிட்டது ஆவி ஆராய்ச்சிக்காரர்களின் இதழேதான். பயம் நிஜம்; காரணம்தான் வேறு.

சித்து வேலைகளை நேரில் சோதிக்க விஞ்ஞானத்துக்குத் தைரியம் உண்டா?
(கும்பகோணம் வாசகர்)

தைரியம் மட்டுமா, பணமும் வைத்தது! இலங்கையில் வாழ்ந்த தாவரவியல் ஆசிரியர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற வழியில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-ல் அறிவித்தார். 1978-ல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. சாமியார்களுக்குப் பணத்தாசை இல்லை என்பதற்கு வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

உங்கள் நம்பிக்கை உங்கள் பூஜையறைக்குள் இருக்கும்வரை அதை யாரும் சோதிக்க வேண்டியதில்லை. அதைக் காட்டி ஊரில் காசு வசூலித்தால், பரீட்சை எழுதித்தான் ஆகவேண்டும்.