பசியில் மூன்றாண்டு முன்அனுபவம்

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பதவியை எங்கள் கல்லூரியில் யாரும் கேட்டு வாங்கியதில்லை. துறையில் இளையவர் யாரோ அவர் தலையில் அது தானாக வந்து இறங்கும். மரக்கன்று, ரத்ததான முகாம், ஏழு நாள் கிராம முகாமில் கொசுக்கடி என்று என் பாடும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். பசி பற்றிய விழிப்புணர்வுக்காக மாணவர்களே நடத்தும் திட்டங்களுக்கு ஓர் அறக்கட்டளை நிதி தருகிறதாம். "ப்ரபோசல்தானே சார், நீங்க தமிழ் வாத்தியார், நல்லா எழுதுவீங்க" என்றார்.

அறக்கட்டளைக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்தேன். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணி என்பதற்கு அந்தச் சட்டத்தில் ஏழாம் அட்டவணை இருக்கிறது. அதன் முதல் வரியே பசியையும் வறுமையையும் ஒழிப்பதுதான். அட்டவணை எழுதியவர் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பணம் நேராக மாணவர் கைக்கு வராது. 12ஏ, 80ஜி, சி.எஸ்.ஆர்.-1 என்று வரிசையாகப் பதிவுகள் வேண்டும். அவையெல்லாம் எங்கள் கல்லூரி நிர்வாக அறக்கட்டளையின் பீரோவில் பத்திரமாக இருந்தன. பீரோ சாவி வைத்திருந்தவரைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தோம். அடுத்த கட்டத்தில் படிவம் கேட்டது: "பசி சார்ந்த பணியில் குறைந்தது மூன்றாண்டு முன்அனுபவம் உண்டா?" மாணவர்களைக் கூட்டி உட்கார வைத்து இதை வாசித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "எனக்குப் பதினஞ்சு வருஷம் இருக்குங்கய்யா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான் சிரித்தான். விடிந்தும் விடியாமலும் முதல் பஸ் பிடித்து, வயிற்றில் ஒன்றும் போடாமல் கல்லூரிக்கு வருகிற பையன் அவன்.

புள்ளிவிவரம் போடாத ப்ரபோசல் எடுபடாது என்பதால், 2023 உலகப் பசிக் குறியீட்டில் இந்தியா 125 நாடுகளில் 111ஆவது இடம் என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். முதல்வர் பேனாவை எடுத்து அடித்தார். "அந்தக் கணக்கை அரசாங்கமே ஒத்துக்கலை சார். நமக்கெதுக்கு வம்பு?" உண்மைதான், கணக்குப் போட்ட முறையே தவறு என்று ஒன்றிய அமைச்சகம் மறுத்திருந்தது. சரி என்று தேசியக் குடும்பநல ஆய்வுக்குப் போனேன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை என்று 2019-21 ஆய்வு சொல்கிறது. அரசு முத்திரையோடு வந்த பசி என்பதால் முதல்வர் தலையசைத்தார்.

"விழிப்புணர்வு ஏற்பட்டதை எப்படி அளப்பீர்கள்?" என்று ஒரு கட்டம். பசி பற்றிப் போடும் நாடகத்துக்கு முன்னால் ஒரு கேள்வித்தாள், பின்னால் அதே கேள்வித்தாள், நடுவில் ஏறியிருக்கும் விழிப்புணர்வைக் கழித்துப் பார்ப்பது என்று மாணவர்கள் திட்டம் போட்டார்கள். பக்கத்துக் கிராமத்தில் ஒத்திகை பார்த்தோம். நடவு முடித்துக் கரையேறிய பாட்டி ஒருவரிடம் ஒரு பெண் முதல் கேள்வியைக் கேட்டாள்: "பசி என்றால் என்ன?" பாட்டி அவளை மேலும் கீழும் பார்த்தார். "இதைக் கேக்கவா தாயி இம்மாந்தூரம் வந்தே? சாப்பிட்டியா நீ?" நாடகம் முடிந்து அதே கேள்வியைக் கேட்டபோதும் அதே பதில்தான். ஆளுக்கு ஒரு செம்பு மோர் மட்டும் கூடுதலாகக் கிடைத்தது. அறிக்கையில் விழிப்புணர்வு வளர்ச்சி பூஜ்யம் என்று எழுத வேண்டியிருந்திருக்கும். நல்லவேளை, அது ஒத்திகை.

நிதி தீர்ந்த பிறகும் திட்டம் எப்படித் தொடரும் என்றது இன்னொரு கட்டம். தமிழாசிரியனுக்கு இங்கே கை பரபரக்காதா? அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி மணிமேகலை கையில் இருந்தது, அதைவிடத் தொடரும் திட்டம் உண்டா? ஆனால் பாத்திரம் வாங்க மூன்று கடைகளில் கொட்டேஷன் கேட்பார்கள். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கினார், அங்கே இன்றும் சோறு போடுகிறார்கள். காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கியபோது ஊர்மக்களும் அள்ளிக் கொடுத்தார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. இவர்களில் ஒருவரும் விழிப்புணர்வு என்ற கட்டத்தை நிரப்பவில்லை, நேராகச் சோற்றுக்குப் போய்விட்டார்கள். எங்கள் படிவத்தின்படி அது முறையல்ல.

முறையல்ல என்பது பட்ஜெட்டில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. மாணவர்கள் போட்ட பட்ஜெட்டின் முதல் வரி, காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகளுக்கு இட்லி. கடைசி பெஞ்சுக்காரன் யோசனை அது. அறக்கட்டளையிலிருந்து பணிவான மின்னஞ்சல் வந்தது: உணவுச் செலவுக்கு அனுமதியில்லை, இது விழிப்புணர்வுத் திட்டம். ஃப்ளெக்ஸுக்கு உண்டு, டி-ஷர்ட்டுக்கு உண்டு, மைக் செட்டுக்கு உண்டு. இட்லியை 'எழுதுபொருள்' தலைப்பில் சேர்த்துவிடலாமே என்றான் ஒரு பி.காம். மாணவன். பிற்காலத்தில் நல்ல ஆடிட்டராக வருவான். அறக்கட்டளையையும் முழுதாகக் குறை சொல்ல மனம் வரவில்லை. பத்துப் பேர் சாப்பிட்ட பந்திக்கு நூறு இலைக் கணக்கு எழுதும் ஊர் இது. சாப்பாட்டு வவுச்சரைக் கண்டால் தணிக்கைக்காரருக்குக் கை நடுங்கத்தான் செய்யும்.

ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1945இல் தோன்றிய அக்டோபர் 16, உலக உணவு தினம். அன்று விழா வைத்தோம். 'பசியில்லா உலகம் படைப்போம்' என்று பத்தடிக்கு ஃப்ளெக்ஸ், அதில் முக்கால்வாசி சிறப்பு விருந்தினரின் சிரித்த முகம். மாணவர்கள் வெயிலில் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். ஜி.பி.எஸ். கேமராவில் அட்சரேகை, தீர்க்கரேகையோடு படம் விழும்வரை யாரும் கையை விடக் கூடாது என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். 'விருந்தினர் உபசரிப்பு' என்ற தலைப்புக்கு மட்டும் எப்படியோ அனுமதி இருந்தது. ஆகவே அன்று சட்டப்படி முந்திரியும் காபியும் சாப்பிட்டவர் சிறப்பு விருந்தினர் ஒருவர்தான்.

பணத்தில் பாதி வந்தது. யு.சி. என்கிற பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால் மீதி வருமாம். கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

இட்லி அதற்காகக் காத்திருக்கவில்லை. ஆசிரியர்கள் அறையில் மாணவர்கள் காசு போட ஒரு டப்பா வைத்தார்கள். எதிர்த்த மெஸ் அக்கா பாதி விலைக்குப் பொட்டலம் கட்டித் தருகிறார். காலை இடைவேளையில் எங்கள் அறை மேசையில் பொட்டலங்கள் இருக்கும். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். யார் எடுக்கிறார்கள் என்று நாங்கள் பார்ப்பதில்லை, பதிவேடும் இல்லை. அதனால் பயனாளிகள் எத்தனை பேர் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. பொட்டலம் மிஞ்சுவதில்லை, அவ்வளவுதான் தெரியும்.

உங்கள் ஊர்க் கல்லூரியிலும் இந்தப் பதவியில் யாராவது மாட்டிக்கொண்டிருப்பார். ஒரு தடவை போய்ப் பாருங்கள். எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டு வாருங்கள். படிவம் எதுவும் நீட்ட மாட்டார், ரசீதும் தர மாட்டார்.