கன்னிமூலையில் கட்டிலா?

கேள்வி: விருதுநகர் பஜார் பக்கம் 600 சதுர அடி ஃபிளாட். படுக்கையறை கன்னிமூலையில்தான் இருக்கணும் என்கிறார் மாமனார். சரியா?

பதில்: அங்கே படுக்கப்போவது மாமனாரா, மாப்பிள்ளையா? கன்னிமூலை என்பது தென்மேற்கு; அங்குள்ள சுவர் பிற்பகல் வெயிலை முழுசாக வாங்கி, ராத்திரியில் நிதானமாகத் திருப்பிக் கொடுக்கும். சித்திரையில் சுவரில் கைவைத்தாலே தெரியும். கந்தகபூமியான விருதுநகர்க்காரர்கள் மொட்டைமாடியில் பாய் விரித்தது நிலாவை ரசிக்க அல்ல.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு மூலையைக் கேட்பதில்லை, அளவைத்தான் கேட்கிறது. இரண்டு அறை இருந்தால் ஒன்று 9.5 சதுர மீட்டர், மற்றது 7.5. அதாவது சுமார் 102, 81 சதுர அடி. அதற்குள் டபுள் காட் போட்டால் நடப்பதற்கு ஒருக்களித்துத்தான் போகவேண்டும்!

கட்டில் கிழக்கு அறைக்குப் போகட்டும்; எதிரெதிர் ஜன்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம். கன்னிமூலைக்கு பீரோ. வாஸ்துக்காரர்களும் அதை அங்கேதான் வைக்கச் சொல்கிறார்கள். பீரோவுக்கு வியர்க்காது.