துணிச் சுவருக்குக் கம்பளி

அன்று எங்கள் கேம்பரில் இரண்டே இரண்டு சுவிட்சுகள் இருந்தன. ஒன்று விளக்குக்கு, இன்னொன்று தண்ணீர் பம்புக்கு. இன்று எத்தனை என்று எனக்குத் தெரியாது. பாதி சுவிட்சுகள் சுவரிலேயே இல்லை, என் வீட்டுக்காரரின் கைப்பேசிக்குள் இருக்கின்றன. அவர் கைப்பேசிக்கு சார்ஜ் போட மறந்தால் எங்கள் இருவருக்கும் குளிரும்.

பாப்-அப் கேம்பரைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் இறக்கி உட்கார வைத்து, நாலு மூலையிலும் இழுத்துக் கட்டும் ஒரு பெட்டி அது. ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். காற்றும் அவ்வளவாகப் பிடிக்காது, மரக்கிளையும் இடிக்காது. போய் நின்றதும் உள்ளே நுழைந்து கூரையை முட்டித் தூக்கினால், வினைல் பூசிய துணி நாலு பக்கமும் விறைத்துச் சுவராகும். 1950களிலேயே அலாஸ்கன் என்ற பெயரில் ஒன்று வந்தது. ஹைட்ராலிக்கில் கூரை ஏறும், சுவரும் கெட்டிச் சுவர். 1972இல் தொடங்கிய ஃபோர் வீல் கேம்பர்ஸ் போன்றவர்கள் அலுமினியச் சட்டமும் துணியுமாக எடையைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். துணியால்தான் அது இலேசு. துணியால்தான் அது கோடைக்கானது. இந்த இரண்டையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறோம் என்பது கடையில் நிற்கும்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

நாங்கள் டென்வர்க்காரர்கள் ஆகிக் கொஞ்ச காலத்தில் ஒரு பழைய கேம்பரை வாங்கினோம். காலியாக 400 கிலோ. இரண்டு பர்னர் அடுப்பு, ஐஸ் கட்டி வைக்கும் ஒரு பெட்டி, உள்ளங்கை அகல ஜன்னல்கள். ஹீட்டர் கிடையாது. ஸ்லீப்பிங் பேக் இருந்தது. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மலைக்குப் போவோம். அக்டோபரில் பெட்டியைக் கழற்றி நாலு ஜாக்கியின் மேல் நிறுத்திவிட்டால் அடுத்த வருஷம்தான். கோயம்புத்தூரிலிருந்து அத்தை போனில் கேட்பார்: “ஏங்கண்ணு, அத்தாம்பெரிய வூட்ட வாங்கிப் போட்டுட்டு, லாரிக்காரனாட்டம் வண்டியில போயி எதுக்குப் படுக்கறீங்க?” அத்தையின் தம்பி திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருந்தவர். வண்டியில் படுப்பது பிழைப்புக்காக மட்டுமே என்பது அவர்கள் குடும்பத்தில் தீர்மானமான விஷயம்.

குளிர்காலத்தை உள்ளே கொண்டுவந்தது எங்கள் மகளின் பனிச்சறுக்கு வகுப்பு. சனிக்கிழமை காலையில் டென்வரே கிளம்பி ஐ-70 நெடுஞ்சாலையில் நிற்கும். 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஐசனோவர் சுரங்கப்பாதை வரைக்கும் சிவப்பு விளக்குகள்தான். வெள்ளி இரவே மேலே போய் கேம்பரில் படுத்துக்கொண்டால் இந்த நெரிசல் நமக்கில்லை என்று இவர் கணக்குப் போட்டார். கணக்கில் தப்பில்லை. குளிரைத்தான் அதில் எங்கேயும் எழுதவில்லை.

கோயம்புத்தூர் கணபதியில் பம்புசெட் பட்டறை வைத்திருந்த வீட்டுப் பிள்ளை இவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடும் பழக்கம் அந்த வீட்டிலேயே இல்லை. முதலில் கையடக்கமான ஒரு புரோபேன் ஹீட்டர் வந்தது. பத்து நிமிஷத்தில் உள்ளே ஸ்வெட்டரைக் கழற்றும் அளவுக்குச் சூடு. இவர் முகத்தில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது. விடிகாலையில் கூரையிலிருந்து சொட்டியது. துணிச் சுவரின் உள்பக்கம் தகடு தகடாக உறைபனி. சட்டத்தில் இறக்கிய ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் வெள்ளையாக ஒரு பொட்டு. ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகப் பிறக்கும். வெளியே குழாய் போகாத ஹீட்டரில் அது முழுக்க நம்மோடுதான் தங்கும். போதாததற்கு, இரண்டு பேர் தூங்கி எழுவதற்குள் மூச்சிலும் தோலிலுமாக அரை லிட்டர் விடுகிறோம். ஆக, குளிரோடு ஈரத்தையும் சேர்த்துக்கொண்டதுதான் முதல் மாறுதலின் பலன். கரியமில வாயுவின் தங்கச்சி கார்பன் மோனாக்சைடு வேறு. அதற்காக ஓர் அலாரம் வந்து சுவரில் உட்கார்ந்தது. சுவிட்சுகள் பெருகத் தொடங்கியது அன்றுதான்.

அடுத்தது துணிச் சுவருக்கு உள்சட்டை. பஞ்சடைத்த இன்னொரு துணியை உள்பக்கம் வெல்க்ரோவால் ஒட்டிக்கொள்வது. உண்மையில் நல்ல பொருள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒற்றைத் துணி மடிவதற்காகக் கணக்குப் பண்ணிய இடுக்கில் இப்போது இரண்டு துணி மடிய வேண்டும். காலையில் கூரையை இறக்கும்போது நாலு பக்கமும் துணி பிதுங்கி நிற்கும். இவர் உள்ளேயிருந்து இழுப்பார், நான் வெளியே நின்று விரலால் திணிப்பேன். உறைந்த வினைல் அட்டையாக விறைத்திருக்கும். கையுறை போட்டால் திணிக்க வராது, போடாவிட்டால் விரல் வராது. ஜன்னல்களுக்கு வெள்ளித்தாள் ஒட்டிய குமிழ் ஷீட்டை அளவாக வெட்டினோம். தரைக்கு ஃபோம் பலகை. மெத்தைக்கு அடியில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடித்ததால் காற்றுப் போக ஒரு வலைப்பாய்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு, குளிர்காலத்தில் கேம்பரில் படுப்பவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேரும் ஞானத்துக்கு நாங்களும் வந்தோம்: கூரையில் உள்ள காற்றுத் துவாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்க வேண்டும். ஜன்னலையும் ஒரு விரல் திறந்து வைப்பது உத்தமம். ஈரம் வெளியே போக அதைவிட மலிவான வழி கிடையாது. ஓட்டையை அடைக்க எத்தனையோ நூறு டாலர், அடைத்த பிறகு ஓட்டையைத் திறக்க அறிவு.

திறந்துவிட்டால் சூடு போய்விடுமே! அதற்கு டீசல் ஹீட்டர். வெளிக்காற்றை வாங்கி எரித்து, புகையை வெளியே தள்ளி, உலர்ந்த சூட்டை மட்டும் உள்ளே அனுப்பும். ஜெர்மன்காரர்கள் லாரி டிரைவர்களுக்காகப் பல காலமாகச் செய்து வருவது. அதே உருவத்தில் சீனாவிலிருந்து வரும் மலிவுப் பதிப்பைத்தான் இவர் வாங்கினார். குறைந்த சூட்டில் ஓடினால் மணிக்கு ஒரு டம்ளர் டீசலுக்குள் ஆகும். கேம்பருக்கு நாங்கள் செய்த வேலைகளிலேயே உருப்படியானது இதுதான் என்பேன். அதற்கும் ஒரு மலை வந்தது. லெட்வில் ஊர் 3,094 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ஹீட்டரோ சமவெளி நினைப்பிலேயே டீசலை ஊற்றிக்கொண்டிருந்தது. முழுசாக எரியாமல் உள்ளே கரி கட்டியது. நடுராத்திரி இருமி, புகைந்து, நின்றுபோனது. டீசல் அளவைக் குறைத்து வைக்க ஒரு கன்ட்ரோலர் வாங்கி மாட்டினார். “நாலு மணி நேர வேல, ஏம்புள்ள” என்றார். பட்டறைக்காரர்கள் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு நாலு மணி நேரம் என்றால் எவ்வளவு என்று தெரியும்.

ஹீட்டருக்கு பேட்டரி வேண்டும். பழைய லெட் ஆசிட் குளிரில் சுருண்டு படுத்துவிடும் என்று லித்தியம் இரும்பு பாஸ்பேட் வாங்கினோம். இலேசு, நிறைய கொடுக்கும், பல வருஷம் உழைக்கும், எல்லாம் சரி. ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதில் சார்ஜ் ஏற்றக்கூடாது. ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே உள்ளே படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுவிடும். குளிரில் கொடுக்கலாம், வாங்கத்தான் கூடாது. ஆகவே பேட்டரிக்கு ஒரு சூட்டுத் தகடு. அந்தத் தகட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து? அதே பேட்டரியிலிருந்து. அது தன் கையிருப்பைச் செலவழித்துத் தன்னைச் சூடாக்கிக்கொண்டு, கூரையில் உள்ள சோலார் பலகை அனுப்புவதை வாங்கக் காத்திருக்கும். டென்வரில் டிசம்பரில் நண்பகல் சூரியனே 30 டிகிரி உயரத்தைத் தொடுவதில்லை. பலகையின் மேல் பனி வேறு. அனுப்ப ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பேட்டரி குளிரக்கூடாதென்று அதை வெளிப்பெட்டியிலிருந்து எடுத்து உள்ளே ஸீட்டுக்கு அடியில் வைத்தார். அங்கே என் அஞ்சறைப்பெட்டியும் குக்கரும் இருந்தன. அவை இப்போது என் காலடியில் பயணம் செய்கின்றன.

குக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து இன்றுவரை மாற்றாமல் இருக்கும் ஒரே சாதனம் அதுதான். லெட்வில் உயரத்தில் 90 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். சும்மா பாத்திரத்தில் வைத்த பருப்பு ராத்திரி முழுக்கக் கொதித்தாலும் பருப்பாகவே இருக்கும். பக்கத்து வண்டிக்காரர்கள் காய்ந்த பாக்கெட் உணவில் வெந்நீர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கும்போது, நான் அரிசி பருப்பு சாதத்தை இறக்கி நெய் விடுவேன். ஒரே ஒரு சங்கடம், விசில். ஒவ்வொரு விசிலும் ஈரம். சுவர் உலரத் தான் பட்ட பாடு முழுவதும் மூன்று விசிலில் போய்விடுவதாக இவர் புலம்புவார். அதனால் குக்கர் இப்போது வண்டிக்கு வெளியே, பனியில் நட்ட ஒரு மடக்கு மேசையில் கூவுகிறது. நான் பக்கத்தில் நின்று எண்ணுகிறேன்.

தண்ணீர்க் கதை சின்னது. தொட்டி, பம்பு, குழாய், வடிகால் எல்லாம் இருக்கின்றன. அக்டோபரில் அத்தனையையும் வடித்துவிட்டு, உறையாத ரோஸ் நிறத் திரவத்தை ஊற்றி வைப்போம். பிறகு மார்ச் முடியும்வரை தண்ணீர் இரண்டு பிளாஸ்டிக் கேன்களில். ஆளுக்கொன்று தூக்குவோம்.

இவையெல்லாம் எடை இல்லாமல் வருமா? டிரைவர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இந்த வண்டி ஆளும் சரக்குமாக இவ்வளவுதான் சுமக்கும் என்று அதில் போட்டிருப்பார்கள். எங்கள் அரை டன் பிக்கப்பில் 680 கிலோ. லாரிகள் நிற்கும் பெட்ரோல் பங்க் ஒன்றில் எடை மேடையில் ஏறினோம். நாங்கள் அதைத் தாண்டிப் போய் ரொம்ப நாளாகியிருந்தது. பின் ஸ்பிரிங்கில் காற்றுப் பைகள் வைத்தார். வண்டி நிமிர்ந்தது. ஆனால் காற்றுப்பை வண்டியை நிமிர்த்துமே தவிர ஸ்டிக்கரில் உள்ள எண்ணை மாற்றாது. கடைசியில் வண்டியையே மாற்றினோம். இலேசான கேம்பருக்குத் தோதாகக் கனமான வண்டி.

இவருக்கு இந்த விஷயத்தில் குரு ஜான் ஸ்டெய்ன்பெக். 1960இல் பிக்கப்பில் கேம்பர் ஏற்றிக்கொண்டு நாயோடு நாடு சுற்றியவர். ரோசினான்டே என்று பெயரிட்ட அந்த வண்டி இன்றும் கலிபோர்னியாவில் சலினாஸ் ஊர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அவர் பெரும்பாலான இரவுகளை ஓட்டல்களிலும் மோட்டல்களிலும் தெரிந்தவர் வீடுகளிலும்தான் கழித்தார் என்று 50 வருஷம் கழித்து அதே வழியில் போன ஒரு பத்திரிகையாளர் எழுதியதை நான் எடுத்துக் காட்டினேன். நோபல் பரிசு பெற்றவரின் குளிர்கால ஏற்பாடுகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். இவர் பதில் சொல்லவில்லை.

கூரைக்கு வருகிறேன். அன்று அதை இவர் ஒரு தோளால் தூக்குவார். எனக்கு எட்டாது, என் உயரத்தைக் கடவுள் மிச்சம் பிடித்துவிட்டார். பிறகு கூரைமேல் சோலார் பலகைகள், அவற்றைத் தாங்கக் கம்பிகள், பனிச்சறுக்குப் பலகை கட்ட இன்னும் கம்பிகள் ஏறின. தோள் போதவில்லை. கார் டிக்கியில் இருப்பது போன்ற கேஸ் ஸ்ட்ரட் பொருத்தினார். ஜூலையில் கூரை தானே எழுந்து சலாம் வைக்கும். ஆனால் குளிரக் குளிர உள்ளே உள்ள வாயுவின் அழுத்தம் குறையும். மைனஸ் 20இல் அது பெயருக்குத்தான் நிற்கும். மேலே ஓரடிப் பனி விழுந்திருந்தால் அதுவே நூறு கிலோவைத் தாண்டும். ஏணி போட்டு, பலகை கீறாமல் துடைப்பத்தால் தள்ளி, இவர் முதுகு கொடுக்க, நான் ஸ்டூல் மேல் ஏறி இரண்டு கையும் கொடுத்து, கூரை எழும். மகள் இதற்குள் கல்லூரிக்குப் போய்விட்டாள். அங்கே அவளிடம் இருப்பது ஒரு கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும்.

போன ஜனவரியில் லெட்வில் பக்கம் டர்க்வாய்ஸ் ஏரிக்கு இந்தப்புறம் நின்றிருந்தோம். காட்டுப் பாதைக்குப் பனிக்காலக் கேட் போட்டிருந்ததால் அதற்கு மேல் போக முடியவில்லை. காற்று வண்டியை ஆட்டியது. துணிச் சுவர் படபடவென்று அடித்துக்கொண்டது. கூரையைத் தூக்கி வைத்திருப்பதே ஆபத்து என்று இவரே சொன்னார். குளிர்காலத்தில் அனுபவப்பட்டவர்கள் இப்படிப்பட்ட இரவில் கூரையை இறக்கி வைத்தே படுத்துவிடுவார்களாம். நாங்களும் இறக்கினோம். துணி மடிந்து உள்ளே போய்விட்டால் மிச்சம் இருப்பது கெட்டிச் சுவரும் கெட்டிக் கூரையும்தான். சூடாக்க வேண்டிய இடமும் பாதி. டீசல் ஹீட்டர் தன் கடைசி அளவில் முனகிக்கொண்டிருந்தது. துவாரம் திறந்தபடியே இருந்தது. சுவரில் ஒரு சொட்டு இல்லை. இத்தனை வருஷத்தில் அவ்வளவு கதகதப்பான இரவு எங்களுக்கு வாய்த்ததில்லை. இவர் மட்டும் கூன் போட்டு உட்கார்ந்து, நிமிர்ந்து, மண்டையை இடித்துக்கொண்டு, மறுபடியும் கூன் போட்டார். நான் நேராக நின்றுகொண்டு காப்பி கலந்தேன். தலைக்கு மேல் ஒரு விரற்கடை மிச்சமிருந்தது.

“ஏனுங்க,” என்றேன், “பேசாம இந்தக் கூரைய இப்படியே ஸ்க்ரூ போட்டு மூடிட்டா என்னங்க?”

தலையைத் தடவிக்கொண்டே கைப்பேசியை எடுத்தார். “இரு, புள்ள. அதுக்கு ஏதாச்சும் கிட்டு விக்கறாங்களான்னு பாக்கறேன்.”