கூழ்ப்பானையும் குரொஸ்ஓவரும்

இஞ்ச வா மோனை. உந்தப் பலகைத் துண்டை வைச்சிட்டு இதில குந்து. ரெண்டு நாளா முத்தம் முழுக்க மரத்தூள். ஆச்சி கூட்டிக் கூட்டிக் களைச்சுப் போனா. ஸ்பீக்கர் பொக்ஸ் செய்யிறியாம். நல்லது, செய். கடையில வாங்கினால் ஒரு நாளில முடியிற அலுவலை வீட்டில செய்தால் ஆறு மாசத்துக்கு இழுக்கலாம். அந்த ஆறு மாசமும் உன்னை ஒருத்தரும் வலை தெரிக்கக் கூப்பிட மாட்டினம். உன்ர கொப்பனுக்கு இல்லாத மூளை.

கடையில ஒரு மட்டையில ஆயிரம் வாட்ஸ் எண்டு எழுதிக் கிடந்ததைப் பாத்து வாயைப் பிளந்தியாமே? சண்டைக் காலத்தில வடக்கில கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு பெடலைச் சுத்தித்தான் சனம் றேடியோ கேட்டது. அந்த டைனமோ 6 வோல்ற், 3 வாட்ஸ். ஒருத்தன் சுத்த, பத்துப் பேர் சுத்திவர இருந்து பி.பி.சி. தமிழோசை கேட்டவை. சுத்தினவனுக்கு மூச்சு வாங்கினதே ஒழிய, சத்தம் காணாது எண்டு ஒருத்தனும் முறைப்பாடு வைக்கேல்ல. வாட்ஸை ரெட்டிப்பாக்கினால் கூடுறது வெறும் 3 டெசிபல். ரெண்டு மடங்கு சத்தமெண்டு காது ஒப்புக்கொள்ள வேணுமெண்டால் பத்து மடங்கு வாட்ஸ் குடுக்க வேணும். அதால மட்டையில ஆயிரத்தைத் தேடாத. ஒரு வாட்ஸ் குடுத்து ஒரு மீற்றர் தள்ளி நிண்டு கேட்டால் எத்தனை டெசிபல் எண்டு தேடு. 85க்குப் பதிலா 88 உள்ளதை எடுத்தியெண்டால், உன்ர அம்பிளிபயர் சும்மா இருந்த இடத்திலயே ரெண்டு மடங்காப் போச்சு. கேக்காமல் வந்த சீதனம் மாதிரி.

ரெண்டு வழி ஸ்பீக்கர் எண்டால் என்னெண்டு கேட்டதுக்குப் போனைத் தூக்கிக் காட்டினாய். மத்தளத்தையெல்லோ காட்டியிருக்க வேணும். இடக்கைப் பக்கம் தொப்பி, தடிச்ச நாதம். வலக்கைப் பக்கம் வலந்தலை, மெல்லிய நாதம். ஒரு தோலால ரெண்டு வேலையும் ஏலாது எண்டு மாதோட்டப் பாங்கில கூத்தாடின எங்கட ஆக்களுக்கு எப்பவோ தெரியும். ஆறரை இஞ்சி வூபர் வள்ளம் மாதிரி, பாரம் இழுக்கும், கெதியாத் திரும்பாது. உச்சத்துக்குப் போகப் போக, டோச் லைற் அடிச்ச மாதிரி நேர எதிரில இருக்கிறவனுக்கு மட்டும் பாடும். பக்கத்தில இருக்கிறவனுக்கு ஒண்டும் இல்லை. ஒரு இஞ்சி ட்வீட்டர் தெப்பம் மாதிரி, நினைச்ச பக்கம் திரும்பும், ஆனால் அதில கல்லு ஏத்தினால் தாண்டு போம். ரெண்டையும் பூட்டிறது ஒரு வேலையே இல்லை. ரெண்டும் ரெண்டு ஆளாக் கதைக்காமல் ஒரு ஆளாக் கதைக்க வேணும். அங்கதான் எல்லாரும் கவிழுறது.

நம்பாட்டி படலையடியில நிக்கிற கழுதையைக் கேள். மன்னார்க் கழுதை மூச்சை உள்ள இழுக்கேக்க கீச்சிடும், வெளியில விடேக்க கரகரக்கும். கீச்சும் உண்டு, கரகரப்பும் உண்டு, நடுவில ஒரு முறிவு. நாதத்தைப் பிரிச்சுக் குடுக்கிற குரொஸ்ஓவர் சரியில்லாத ரெண்டு வழி ஸ்பீக்கர் அது தான். போன மாசம் உன்ர சிநேகிதன் செய்து கொண்டுவந்து காட்டினானே ஒண்டு, அதைக் கேட்டிட்டு ரெண்டு கழுதை பதில் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்.

நானும் ஒரு காலத்தில செய்தவன் தான், சிரிக்காத. கசெற் றேடியோ வந்த புதிசு. தேத்தண்ணிக் கடையளில பானை வாயில ஸ்பீக்கரைக் கவிட்டுக் கட்டி வைச்சிருப்பாங்கள். அடி நாதம் குமுறும். எனக்கும் ஆசை. ஆச்சியின்ர கூழ்ப்பானை அளவாக் கிடந்தது. பழைய றேடியோவின்ர ஸ்பீக்கரைக் கழட்டி வாயில பொருத்தி மெழுகு வைச்சு அடைச்சன். றேடியோ அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவின்ர குரல் தண்ணிப் பானைக்குள்ள தலையை விட்டவன் கதைச்ச மாதிரி வந்தது. பாட்டு மாறினாலும் அடி நாதம் மாறாது, எல்லாப் பாட்டுக்கும் ஒரே "பும்". உள்ள அடைபட்ட காத்து ஸ்பிரிங் மாதிரி இறுகி, ஒரு சுருதியில மட்டும் கோனைத் துள்ள வைக்குது எண்டு அப்ப எனக்கு ஆர் சொன்னவை? பேந்து ஆச்சியின்ர தலையணையைக் கீறி இலவம் பஞ்சை உள்ள அடைஞ்சன். பாதிக் குமுறல் அடங்கிச்சுது. ஆச்சி அடங்கேல்ல. பானை எங்க, தலையணை எங்க எண்டு கேட்டா. தலையணைக்கு ஒரு கதை சொன்னன். பானையைக் கழுதை உதைச்சு உடைச்சிட்டுது எண்டன். அண்டு துவங்கி இண்டு வரைக்கும் ஆச்சி கழுதையளைத் திட்டுறாவே, காரணம் இது தான்.

ஆனால் பானை பிழையில்லை, மோனை. நீ தானே வாசிச்சுக் காட்டினாய், அமெரிக்காவில ஆர்.சி.ஏ கொம்பனியில ஹரி ஒல்சன் எண்ட மனிசன் சதுரம், கூம்பு, உருளை எண்டு கனக்க வடிவத்தில பெட்டி செய்து அளந்து பாத்து 1951இல எழுதினவர் எண்டு. உருண்டை தான் எல்லாத்திலும் சமனாப் பாடினதாம். கூர் விளிம்பில சத்தம் தட்டிச் சிதறுது, உருண்டையில வழுக்கிப் போகுது. இதை ஆச்சிக்கு வாசிச்சுக் காட்டாத.

உன்ர பெட்டிக்கு வருவம். உள் அளவு 18, 30, 22 சென்ரிமீற்றர் எண்டாய்; 12 லீற்றர் மட்டில வருது. அந்த வூபருக்கு அது பொருந்துமோ எண்டு பாத்தியோ? முந்தித் தச்சனுக்குப் பலகை எவ்வளவு மிஞ்சுதோ அது தான் பெட்டியின்ர அளவு. அவுஸ்திரேலியாவில நெவில் தீல் 1961இல கணக்கைத் துவக்கி, றிச்சட் ஸ்மோல் எழுபதுகளில முடிச்சு வைச்சார். வூபரோட வாற தாளில Fs எண்டும் Qts எண்டும் Vas எண்டும் கிடக்கிறது அவையின்ர சீட்டுத்தான். சாதகம் பாக்காமல் கலியாணம் கட்டலாம், நான் கட்டினன். உந்தத் தாளைப் பாக்காமல் பெட்டி கட்டாத. பெட்டியை 50 ஹேர்ட்ஸுக்குச் சுருதி சேக்க, உள் காத்து வெளியில வாற 5 சென்ரிமீற்றர் உள்வாய்க் குழாய் 16 சென்ரிமீற்றர் நீளம் வேணும். 20க்கு வெட்டி, கேட்டுக் கேட்டுக் குறை. குழாயை ஒடுக்கமா வைச்சியெண்டால் சோளகக் காத்து கதவிடுக்கால ஊதிற மாதிரி ஊதும். பெரிய வயிறு இருந்தாக் காணும் எண்டு நினைக்காத. பள்ளிமுனைப் பெருக்கமரத்தின்ர சுற்றளவு 19 மீற்றருக்கு மேல. இண்டைக்கு வரைக்கும் ஒரு வரி பாடினதில்லை.

எம்.டி.எவ். பலகை இந்த ஊருக்கு ஆகாது. ஒரு மாரி கண்டால் தண்ணியில போட்ட பாண் மாதிரி ஊதிப் போம். 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் எடு, வெட்டுவாய்க்குப் போட்டுக்குப் பூசிற பைபர் றெசின் பூசு. நடுவில ஒரு குறுக்குச் சட்டம் வை. பிறகு விரலால தட்டு. வத்தகப்பழம் மாதிரி "தொம்" எண்டால் இன்னொரு சட்டம். சுவர் மாதிரி "டக்" எண்டால் காணும்.

இப்ப குரொஸ்ஓவர். மன்னார்ப் பாலத்தடிச் சென்றி உனக்குத் தெரியாது, 2010இல புதுப் பாலம் திறக்கேக்க நீ களிசான் இல்லாமல் ஓடித் திரிஞ்சனி. சென்றியில ஐ.சி. பாத்துத்தான் விடுவாங்கள். கொண்டென்சரும் அப்பிடி ஒரு காவல்காரன்: மெல்லிய நாதத்தை விடுவான், தடிச்சதை மறிப்பான். கொயில் அவனுக்கு நேர் எதிர். தடிச்சது போகலாம், மெல்லியது நிக்க வேணும். ட்வீட்டருக்கு ஒரு கொண்டென்சர் மட்டும் வைச்சால் ஸ்தாயிக்கு 6 டெசிபல் தான் குறையும். அது நித்திரைத் தூக்கத்தில நிக்கிற சென்றி, பாதிப்பேர் உள்ள பூந்திடுவினம், ட்வீட்டர் கருகும். ரெண்டாவது காவல் போட்டால் 12 டெசிபல். ஹியூலட் பக்கார்ட்டில வேலை செய்த லிங்விட்ஸும் றைலியும் சொன்ன முறையில, 2500 ஹேர்ட்ஸில பிரிக்கிறதெண்டால் 8 ஓமுக்கு 4 மைக்ரோபரட், 1 மில்லிஹென்றி. ட்வீட்டருக்குக் கொண்டென்சர் தொடரில, கொயில் குறுக்கால, வூபருக்கு மாறி. ரெண்டு கொயிலையும் காணிச் சண்டைக்காரர் மாதிரித் தூரத்தில, ஒண்டு நிமிந்தும் ஒண்டு படுத்தும் வை. கிட்ட வைச்சால் ஒண்டின்ர கதை மற்றதுக்குள்ள போம்.

ஒரு குறும்பு சொல்லுறன். இந்த 12 டெசிபல் காவலில, பிரியிற இடத்தில ரெண்டும் எதிரும் புதிருமாப் போகும். ஒண்டு தள்ள மற்றது இழுக்கும், சத்தம் அந்த இடத்தில செத்துப் போம். அதால ட்வீட்டரின்ர பிளஸ் மைனஸை மாத்திக் கொடு. எல்லா வயரையும் நேர்மையாப் பூட்டிப்போட்டு "அப்பு, நடுக்குரல் இல்லை" எண்டு அழுதுகொண்டு வராத.

அந்த 8 ஓம் எண்டதையும் முழுக்க நம்பாத. அது பேசாலைச் சந்தையில மீன் விலை மாதிரி, காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. ஹேர்ட்ஸ் ஏற ஏற வூபரின்ர ஓமும் ஏறும். கணக்கு உன்னைப் படலை வரைக்கும் கொண்டுவந்து விடும், வீட்டுக்குள்ள காதால தான் போக வேணும். ட்வீட்டர் எப்பவும் கொஞ்சம் வாய்க்காரி. ஒரு சின்ன றெசிஸ்டர் போட்டு அடக்கு. ரெண்டையும் விளிம்பு முட்டுமாப் போல வை. 2500 ஹேர்ட்ஸின்ர அலை நீளம் 14 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவுக்கு நடு அதைத் தாண்டினால் ஒரு வாயால வாற குரல் ரெண்டு வாயால வரும். பூட்டின பிறகு பாட்டுப் போடாத. செய்தி வாசிக்கிறதைப் போட்டுக் கேள். பாட்டில எந்தப் பிழையும் ஒளிக்கும். மனிசன் கதைக்கிறதை நாங்கள் பிறந்ததில இருந்து கேக்கிறம், அதில ஒளிக்கேலாது.

இதெல்லாம் ஒரு கிழவனுக்கு எப்பிடித் தெரியும் எண்டு பாக்கிறாய். நீ இரவில போனை வைச்சிட்டு நித்திரை கொள்ளுறனி தானே.

சரி, கடைக்குப் போகேக்க ட்வீட்டர் ரெண்டு வாங்காத, மூண்டு வாங்கு. கொண்டென்சரும் கொயிலும் அதே கணக்கில. காசு நான் தாறன். கட்டிலுக்குக் கீழ, பழைய சீலை மூட்டைக்குப் பின்னால, சாக்கில சுத்தி ஒண்டு கிடக்கு. பஞ்சும் அப்பிடியே உள்ளுக்குத்தான். ஆச்சி ஞாயிறு பூசைக்குப் போன பிறகு வா. சத்தம் போடாத, கழுதைக்கும் கேக்கக் கூடாது.