தாழப் பற தம்பி!

போன வாரம் டிசிஎஸ் வேர்ல்டு என்னும் கணினி சிமுலேட்டரைப் பற்றி நாலு வரி எழுதினேன். ஆரணி, சேவூர், தேவிகாபுரம் என்று பட்டுத்தறி ஓடுகிற ஊர்களிலிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. பலருக்கும் ஒரே குறை: போர் ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு எதிரி எல்லைக்குள் போனால் உயிரோடு திரும்ப முடியவில்லையாம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆசை தீரப் பதில் சொல்கிறேன்.

தறிக்காரர் மகன், கொசப்பாளையம், ஆரணி

கே: அண்ணா, எம்ஐ-24 எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டிய இரண்டாவது நிமிடமே வீழ்த்திவிடுகிறார்கள். எவ்வளவு வேகமாகப் போனாலும் இதே கதை. என்னதான் செய்வது?

ப: வேகத்தை விடுங்கள் தம்பி, உயரத்தைச் சொல்லுங்கள். ஏவுகணையோடு ஓட்டப்பந்தயம் வைத்து ஜெயித்த ஹெலிகாப்டர் கிடையாது. கண்ணில் படாமல் இருப்பதுதான் அதற்குப் பெரிய கவசம். ரேடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். நடுவே ஒரு குன்று வந்துவிட்டால் அதற்கு அப்பால் ரேடாருக்குக் கண் தெரியாது. வண்டி மேல் நாலு மீட்டர் உயரத்தில் நிற்கும் ரேடார், 300 மீட்டரில் பறக்கும் உங்களை வெட்டவெளியில் ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே பார்க்க வழியுண்டு. 10 மீட்டருக்கு இறங்கினால் அந்தத் தூரம் 20 கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கும். மரமும் மேடும் இருந்தால் இன்னும் குறையும்.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் ஒரு ரேடார் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வயல்வெளிக்கு மேலே பறந்து வந்தால் மாட்டினீர்கள். மேற்கே ஜவ்வாது மலைக்குள் புகுந்து, ஜமுனாமரத்தூர் பக்கத்துப் பள்ளங்கள் வழியாக வந்தால், படவேட்டு அடிவாரத்தில் தலைகாட்டும் வரை உங்களை அது பார்க்கவே முடியாது. அதனால் கிளம்பும் முன் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பொறுமையாக உட்காருங்கள். ஓடை எங்கே வளைகிறது, குன்று எங்கே முடிகிறது என்று பார்த்து வழி போடுங்கள். மலையைத் தாண்டியே ஆகவேண்டும் என்றால் உச்சியில் தாண்டாதீர்கள். வானத்தைப் பின்னணியாக வைத்துத் தெரியும் ஹெலிகாப்டரைப் பிடிக்க ரேடார் எதற்கு, வெறுங்கண் போதும். தாழ்வான கணவாயாகப் பார்த்துச் சாய்வாகத் தாண்டி, மறு சரிவில் உடனே இறங்கிவிடுங்கள்.

சேவூர் வாசகர்

கே: ஷில்கா பீரங்கி வண்டி என்னைத் தினமும் கொல்கிறது. அதை எப்படி ஒழிப்பது?

ப: பக்கத்தில் போகாமல்! 23 மில்லிமீட்டரில் நாலு குழல் அதற்கு. ஆனால் கை நீளம் சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான். உங்கள் எம்ஐ-24-ல் இருக்கும் ஷ்டுர்ம் ஏவுகணை 5 கிலோமீட்டர் போகும். நாலு கிலோமீட்டரில் நின்று முடிக்க வேண்டிய கணக்கை ஒரு கிலோமீட்டரில் போய் ராக்கெட்டால் முடிக்கப் பார்ப்பதுதான் உங்கள் சிக்கல்.

ஒரு எச்சரிக்கை. ஷ்டுர்மை விட்டால், அது போய்ச் சேரும்வரை இலக்கைப் பார்த்தபடியே நீங்கள் இருக்கவேண்டும். பத்து விநாடியாவது ஆகும். அந்தப் பத்து விநாடியும் பக்கத்துக் காட்டில் இருப்பவனுக்கு நீங்கள் இலக்கு. எனவே சுடுவதற்கு முன் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். அப்பாச்சி ஹெலிகாப்டரின் ரேடார் ஹெல்ஃபயர் ஏவுகணைக்கு இந்தக் கஷ்டம் இல்லை. ஏவிவிட்டு அப்படியே மரத்துக்குப் பின்னால் அமிழ்ந்துவிடலாம்.

களம்பூர் வாசகர்

கே: அப்பாச்சி ஆகாயத்தில் அசையாமல் நிற்குமே, ஊருக்கு மேலே நின்றபடி சுடலாமா?

ப: கூடாது. 2003 மார்ச் 24 அதிகாலை, இராக்கில் கர்பலா அருகே அமெரிக்க அப்பாச்சிகள் கிட்டத்தட்ட 30 போயின. வீடுகளுக்கு நடுவிலிருந்து சாதாரணத் துப்பாக்கிகளே அவற்றைச் சல்லடையாக்கின. அநேகமாக எல்லாமே குண்டுத் துளையோடு திரும்பின. ஒன்று கீழே இறங்கி, அதன் இரண்டு விமானிகளும் சிறைப்பட்டார்கள். நிற்பதென்றால் தூரத்தில், மறைவுக்குப் பின்னால் மட்டும் நில்லுங்கள்.

கல்லூரி மாணவர், ஆரணி

கே: ஏவுகணை வருவதைப் பார்த்த பிறகு ஃப்ளேர் விட்டால் போதாதா? எச்சரிக்கைக் கருவிதான் கத்துமே?

ப: கத்தாது, அதுதான் விஷயம். ரேடார் எச்சரிக்கைக் கருவி ரேடாரைக் கண்டால்தான் கத்தும். தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர், இக்லா போன்றவை உங்கள் எஞ்சின் சூட்டைத் தேடி வருபவை. சுடும் ஆள் பாறைக்குப் பின்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பான். புகைக்கோட்டைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையை நகர்த்துவதற்குள் இரண்டு மூன்று விநாடி போய்விடும். ஆகவே தாக்குதலுக்கு நுழையும்போதே, சூட்டைத் தேடும் அந்த ஏவுகணையை ஏமாற்றும் ஃப்ளேர் நெருப்பை விடத் தொடங்குங்கள், திரும்பும்போது கட்டாயம் விடுங்கள். நீங்கள் முதுகைக் காட்டும் நேரம்தான் அவனுக்கு வசதி.

இதைச் சொல்லும்போது எனக்கு 1999 மே 28 நினைவுக்கு வராமல் இருக்காது. கார்கிலில் தோலோலிங் பக்கம் ராக்கெட் தாக்குதலுக்குப் போன நம் எம்ஐ-17 ஒன்றை ஸ்டிங்கர் வீழ்த்தியது. அந்த ஹெலிகாப்டரில் ஃப்ளேர் வசதி இல்லை. ஸ்குவாட்ரன் லீடர் புந்திர், ஃப்ளைட் லெப்டினன்ட் முகிலன், சார்ஜென்ட்கள் பிரசாத், சாகு நால்வரும் இறந்தார்கள். அதன்பின் எம்ஐ-17-களை அந்த வேலையிலிருந்து விமானப்படை விலக்கிக்கொண்டது. உங்கள் சிமுலேட்டரில் ஒரு பொத்தானாக இருப்பது அந்த நால்வருக்குக் கிடைக்கவில்லை. அதை வீணாக்காதீர்கள்.

நெசவாளர், தேவிகாபுரம்

கே: எதிரி சுடவே இல்லை. தரையிறங்கும்போது நானே கல் மாதிரி விழுந்து சாகிறேன். விசையை இழுக்க இழுக்க இன்னும் வேகமாக விழுகிறது!

ப: அதற்குப் பெயர் வோர்டெக்ஸ் ரிங். முன்வேகம் குறைந்த நிலையில் சரசரவென்று இறங்கினால், உங்கள் விசிறி கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள். இழுத்தால் சுழல் பலமாகும். மூக்கைத் தாழ்த்தி முன்னால் நகர்ந்து நல்ல காற்றுக்குப் போய்விடுங்கள். வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் மெதுவாகவே இறங்க வேண்டும்.

கை ஒன்று, கால் ஒன்று என்று குழப்பமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கால் மிதியை அழுத்த, ஒரு கை நாடாவை விரட்ட, மறு கை பலகையை அடிக்க, கண் மட்டும் பாவிலேயே இருக்க, குழித்தறியில் நாள் முழுக்க உட்காருகிறவர் நீங்கள். ஹெலிகாப்டரும் அதையேதான் கேட்கிறது. உங்களுக்கு இது வரும்.

எஸ்.வி. நகரம் வாசகர்

கே: போன வழியிலேயே திரும்பினால் என்ன? வழி தெரிந்ததாக இருக்குமே.

ப: எதிரிக்கும் தெரிந்ததாக இருக்கும். 1987 அக்டோபர் 11 இரவு, பலாலியிலிருந்து எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள் இந்திய அமைதிப்படையினரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இறக்கக் கிளம்பின. விடுதலைப் புலிகள் வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்டு, கனரக இயந்திரத் துப்பாக்கிகளோடு காத்திருந்தார்கள். அதே மைதானத்துக்குத் திரும்பத் திரும்ப நடை போனதில் ஹெலிகாப்டர்கள் குண்டடி பட்டு, மேற்கொண்டு இறக்குவதே நின்றுபோனது. சீக்கிய இலகு காலாட்படையின் 13-வது பட்டாலியனில் 30 பேர்தான் இறங்க முடிந்தது. 29 பேர் இறந்தார்கள், ஒருவர் சிறைப்பட்டார். ஒரு முறை சுட்ட இடத்திலிருந்து மறுமுறை சுடாதீர்கள். போன வழியில் திரும்பாதீர்கள். வானொலியில் அதிகம் பேசாதீர்கள்.

ஒரு அம்மா, ஸ்காபரோ, கனடா

கே: தம்பி, போன கிழமை நீங்கள் எழுதினதை வாசிச்சன். நாங்கள் அந்த நேரம் யாழ்ப்பாணத்தில இருந்தனாங்கள். ஹெலிச் சத்தம் கேட்டாலே பங்கருக்குள்ள ஓடுவம். உங்களுக்கு இது விளையாட்டோ?

ப: அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் கடிதத்தை அப்படியே போட்டிருக்கிறேன், தம்பிமார் எல்லாரும் படிக்கவேண்டும் என்பதற்காக. 1987 அக்டோபர் 27 அன்று சாவகச்சேரியில் ஹெலிகாப்டர் தாக்குதலில் இறந்தவர்கள் சந்தைக்கு வந்த சனங்கள். சிமுலேட்டரில் அந்தச் சனங்கள் இல்லை. வீடுகள் காலியாக நிற்கும், தெருவில் யாரும் காய்கறி விற்கமாட்டார்கள். அது அந்தக் கருவியின் பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன்.

தம்பிமாரே, இலக்கு யாரென்று உறுதியாகத் தெரியாமல் விசையைத் தொடாதீர்கள், திரைக்குள்ளும்கூட. 2019 பிப்ரவரி 27 அன்று ஸ்ரீநகர் அருகே பட்காமில் நம் எம்ஐ-17-ஐ வீழ்த்தியது நம்முடைய ஏவுகணையே. விமானப்படையினர் ஆறு பேரும் தரையில் இருந்த ஒருவரும் போனார்கள். கையில் ஆயுதமும் மனதில் அவசரமும் சேர்ந்தால் நம்மவர் யார், அயலார் யார் என்று தெரியாமல் போய்விடுகிறது.

பிளஸ் டூ மாணவி, ஆரணி

கே: அண்ணனை விட நான் நன்றாக ஓட்டுகிறேன். ஆனால் 'நிஜ ஹெலிகாப்டர் பொண்ணுங்களுக்கு இல்லை' என்கிறான். அப்படியா ஐயா?

ப: அண்ணனை ஒரு நாள் அரக்கோணத்துக்குக் கூட்டிக்கொண்டு போம்மா. அங்கே ஐஎன்எஸ் ராஜாளியில்தான் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. 2024 ஜூனில் அங்கே பயிற்சி முடித்து, கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியாக வெளியே வந்தவர் சப் லெப்டினன்ட் அனாமிகா ராஜீவ். இன்றைக்கு தேசிய பாதுகாப்பு அகாடமியின் (என்டிஏ) தேர்வையும் பெண்கள் எழுதலாம். கணக்கையும் இயற்பியலையும் விடாதே. ராத்திரி இரண்டு மணி வரை திரை முன்னால் உட்காராதே. விமானிக்குக் கண் முக்கியம்.

அதே சேவூர் வாசகர், இரண்டாம் கடிதம்

கே: தாழப் பறந்தால் மின்கம்பியில் மாட்டமாட்டோமா?

ப: மாட்டுவீர்கள், பார்த்துப் போகாவிட்டால். நிஜ விமானிகளையும் கம்பி கொன்றிருக்கிறது. கம்பி கண்ணுக்குத் தெரியாது, கோபுரம் தெரியும். அதனால் இரண்டு கோபுரத்துக்கு நடுவில் தாண்டாமல், ஒரு கோபுரத்தின் தலைக்கு மேலேயே தாண்டுங்கள். தாண்டியதும் மறுபடி இறங்கிவிடுங்கள்.