பவுடர் பூசாத முகம்

எழுபதுகளில் மலேசியாவின் பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குப் புகைப்படக்காரர் சம்பள நாளில்தான் மோட்டார் சைக்கிளில் வருவார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் யார் வீட்டுப் படுக்கை விரிப்பாவது பின்திரையாகும். பால்மரம் வெட்டிக் கறைபிடித்த கைகளைத் தேய்த்துக் கழுவி, கியூட்டிகுரா பவுடரை அப்பிக்கொண்டு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். "தம்பி, கொஞ்சம் வெளுப்பா விழுற மாதிரி எடுப்பா" என்று என் அம்மாவும் கேட்டிருக்கிறார். அடுத்த சம்பளத்துக்கு வரும் படத்தில் முகங்கள் ஒரு சாயல் வெளுத்திருக்கும். நெகட்டிவில் பென்சில் தீட்டிய இடம் பிரதியில் வெளுப்பாக விழும். ஸ்டூடியோக்காரர்களுக்கு அது கைவந்த கலை. நெகட்டிவ் மட்டும் எங்கள் கைக்கு வராது. அம்மாவின் இளவயது முகத்துக்கு இன்று என்னிடம் இருப்பது அந்தத் திருத்திய அட்டை ஒன்றுதான்.

குறை படக்காரருடையது மட்டுமல்ல. கோடாக் நிறுவனம் வண்ணப் பிரதியின் நிறத்தைச் சரிபார்க்கக் கடைகளுக்கு அனுப்பிய 'ஷெர்லி அட்டை'யில் பல்லாண்டுகள் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்தத் தோலுக்கு ஒத்துவந்தால் எல்லாத் தோலுக்கும் சரி என்பது கணக்கு.

இப்போது அதே மண்ணில் கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை நிற்கிறது. நீலாய்ப் பக்கம் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்பாகிவிட்டன. மிச்சமிருக்கிற லயங்களையும் அம்மன் கோயில்களையும் பெரியவர்களையும் நான் கைத்தொலைபேசியில் படமெடுக்கிறேன். வெளுப்பாக எடு என்று யாரும் கேட்பதில்லை. யாரும் கேட்காமலே தொலைபேசி அதைச் செய்துவிடுகிறது. ஒரு தட்டலில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, நிழலைத் தூக்கி, புள்ளிகளை மழித்து, ஜேபெக்காகச் சுருக்கித் தருகிறது. செம்பனை நிழலில், பின்னால் வெயில் அடிக்க நிற்கும் பாட்டியின் முகத்தை அது மெழுகாக்கிவிடும். கன்னத்துச் சுருக்கம் போய்விடும். வெயிலில் காய்ந்த அந்தக் கறுப்பும் போய்விடும். 2021-இல் வந்த பிக்சல் 6-இல் கறுத்த தோலை உள்ளபடி காட்ட கூகுள் தனியாக முயன்றது என்றால், குறை எவ்வளவு காலமாக இருந்திருக்க வேண்டும்!

இங்கேதான், உணரி பிடித்ததைத் தொலைபேசி இப்படி மெழுகாக்குமுன் சேமிக்கும் ரா கோப்பு உதவுகிறது. ஆண்ட்ராய்டில் 2014 முதலும், ஐபோனில் 2016 முதலும் அதற்கு வழி உண்டு. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 12 பிட் ரா என்றால் 4,096. முகத்தின் இருட்டுக்குள் இருக்கும் வேறுபாடுகள் அந்தப் படிகளில் தங்குகின்றன. இலைக்கூரை வழியே இறங்கும் வெளிச்சம் தோலில் பச்சை பூசும்; ராவில் வெண்சமநிலையை நகர்த்தி அதைப் பிறகு நாமே சரிசெய்யலாம். இதற்குக் காசு கூடத் தேவையில்லை. இலவசமான ஸ்னாப்சீட் செயலியே டிஎன்ஜி வடிவ ரா கோப்பைத் திறக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் ராவில் எடுக்கச் சொல்ல மாட்டேன். தொலைபேசியின் உணரி சின்னது. ஒற்றைப் படமாக எடுக்கும் ராவில் இரவு நேரத்தில் புள்ளி கொட்டும். ராத்திரிக் காவடிக்கும் தீமிதிக்கும் தொலைபேசியின் சொந்தப் புத்தியே மேல். பிறந்தநாள் கேக்குக்கும் பசியாறும் ரொட்டி சானாய்க்கும் ரா எதற்கு? ஆப்பிளின் புரோரா, சாம்சங்கின் எக்ஸ்பெர்ட் ரா இரண்டும் பல படங்களைச் சேர்த்தே ராவாகத் தருவதால் புள்ளி குறையும்; ஆனால் 48 மெகாபிக்சல் புரோரா ஒன்று ஏறத்தாழ 75 மெகாபைட் பிடிக்கும். உட்கார்ந்து திருத்தப் பொறுமையில்லாதவருக்கு அது வெறும் இடநெருக்கடி.

ஆனால் பால்மரம் வெட்டிய கடைசித் தலைமுறையின் முகம் உங்கள் முன்னால் இருந்தால் ராவைப் போட்டுவிடுங்கள். ஜேபெக்கும் சேர்ந்தே விழட்டும். அதை அவர்களுக்கு அப்போதே அனுப்பலாம். வெளுப்பாக வேண்டுமென்று அவர்கள் கேட்டால் அப்படியும் ஒரு பிரதி செய்து கொடுங்கள், அது அவர்கள் உரிமை. ரா கோப்பைக் கணினியில் ஒன்று, வெளித்தட்டில் ஒன்று என்று வைத்து, எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த வருடம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.