கேஷா குடு நைனா

திருத்தணி மலையடிவாரத்தில் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போல் செல்போனை நீட்டினேன். கிருத்திகைக் கூட்டம். டவர் இல்லை, திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கடைக்கார அம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டு, “கேஷா குடு நைனா” என்றார்.

சட்டைப்பை, பேன்ட் பை என்று துழாவுகிறவன் வாயை மூடிக்கொண்டு துழாவியிருக்கலாம். “கேஷ்னா நம்ம காசுதாம்மா. வெள்ளைக்காரன் நம்மகிட்டேர்ந்து எடுத்துக்கிட்டான்” என்றேன்.

“அதான் உன்கிட்ட இல்லியா?”

மனைவி சிரித்த சிரிப்பில் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் விட்டதில் பாதி சரடு என்பது பிறகு அகராதியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு. ரொக்கத்தைச் சொல்லும் கேஷுக்குப் பூர்விகம் லத்தீன் ‘கப்சா’, அதாவது பெட்டி. பிரெஞ்சு, இத்தாலி வழியாக வந்து, கல்லாப்பெட்டியின் பெயர் உள்ளேயிருந்த பணத்துக்கு ஒட்டிக்கொண்டது. நம் காசு போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து வந்த கேஷ் வேறு. அது சில்லறை நாணயம். சென்னையில் கம்பெனிக் கணக்கில் 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு வராகன். ஃபனமும் நம் பணம்தான். ஒரு வராகனுக்குச் சில்லறை கேட்டால் 3,360 காசு எண்ண வேண்டும். கடைக்கார அம்மாவிடம் கேட்டிருந்தால் தேங்காய் என் தலையில் உடைந்திருக்கும்.

சீனாவின் ஓட்டைக் காசுக்கும் ஆங்கிலேயன் கேஷ் என்றே பெயர் வைத்தான். திருத்தணியில் காது குத்திக்கொள்ள வேண்டியது, அங்கே போய் நடுவயிற்றில் சதுரமாகக் குத்திக்கொண்டது.

பெட்டியும் பணமும் ஒட்டி உறவாடுவதைப் பார்க்க ரோம் வரை போவானேன்? இந்த ஊர் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. (தேதியைப் பார்த்து அன்றைக்கு எத்தனை பேர் நம்பாமல் இருந்தார்களோ!) தெலுங்கில் பணம் ‘டப்பு’, பெட்டி ‘டப்பா’. உறவுமுறை உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள், ஒருமுறை பட்டது போதும்.

மனைவியின் கைப்பையில் மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை இருந்தது. கை வைக்கப் போனேன். “அது முருகன் காசு” என்று பிடுங்கிக்கொண்டாள்.

கடைக்கார அம்மாவே தட்டை என் கையில் திணித்தார். “எறங்கறப்போ குடு. 365 படி ஏறி எறங்கணும், எங்க ஓடப் போற?”